கடலில் தவறியதை மீட்டுக் கொடுப்பது

கடலில் ஒருவர் தவறவிட்ட பொருளை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பது கடல்தொழில் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழைய வழக்கம். அந்தப் பொருள் வலையாக இருக்கலாம், துடுப்பாக இருக்கலாம், இயந்திரம் நின்றுபோன படகாகவே இருக்கலாம். அண்மைக் காலத்தில் கைட்சர்ஃபிங் பலகையும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு இது சின்ன உதவி. செய்பவருக்கோ நேரம், டீசல், சில நாள்களில் அன்றைய வருமானமே போய்விடும். தெரிந்தவர் என்றோ தெரியாதவர் என்றோ பார்க்காமல் இந்தச் செலவை ஒருவர் ஏன் ஏற்க வேண்டும், எதுவரை ஏற்கலாம் என்பது கடலோடு வாழ்கிறவர்கள் எல்லோரையும் தொடும் கேள்வி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கரையில் அந்தக் கேள்வி அன்றாடம் எழுகிறது.

முதலில் பலகை. கைட்சர்ஃபிங்கில் காற்று நிரப்பிய பெரிய பட்டம் ஒன்று 20 மீட்டரையும் தாண்டிய கயிறுகளால் ஆளின் இடுப்புக் கச்சையோடு இணைந்திருக்கும். காலடியில் பலகை. பட்டம் இழுக்க, பலகை நீரை வெட்டிக்கொண்டு போகும். பட்டத்துக்கும் ஆளுக்கும் பாதுகாப்புக் கயிறு உண்டு, பலகைக்குப் பெரும்பாலும் வைத்துக்கொள்வதில்லை. கயிறு கட்டினால், ஆள் விழும்போது பலகை வில்லிலிருந்து விடுபட்டது போலத் திரும்பி வந்து தலையில் அடிக்கும் என்பதே காரணம். ஆகவே விழுந்ததும் பலகை விலகுகிறது. பட்டமோ ஆளைக் காற்றின் போக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. சில நொடிகளில் பலகை காற்று வரும் பக்கத்திலும் ஆள் காற்று போகும் பக்கத்திலுமாகப் பிரிய நேர்ந்துவிடுகிறது. அலைகளுக்கு நடுவே, தலை மட்டும் நீருக்கு மேலே தெரிய மிதக்கும் ஒருவருக்கு முப்பது மீட்டர் தள்ளிக் கிடக்கும் பலகைகூடக் கண்ணில் படாது. நின்று கொண்டு வரும் இன்னொருவருக்கு அது எளிதில் தெரியும். உதவி தேவைப்படுவதற்கு முதல் காரணம் இந்தப் பார்வை உயரம்தான். திறமைக் குறைவு அல்ல.

பயிற்சி பெற்றவர் பலகையை இழந்தவுடன் ஒரு கையை நீட்டி, உடலையே பலகையாக்கி, பட்டத்தின் இழுப்பில் வலமும் இடமுமாகக் குறுக்கே போய்க் காற்றுக்கு எதிரே ஏறிவருவார். அதற்கு நேரமும் உடம்புத் தெம்பும் வேண்டும். உதவிக்கு வருபவர் பலகையின் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டுவந்து உரியவருக்கு அருகில் விட்டுச் செல்கிறார். தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு வேரூன்றியிருப்பது ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும். வடசென்னையில் தூண்டில் வளைவுகளும் கற்சுவர்களும் கப்பல் தடமும் இருப்பதால் பட்டத்தோடு இறங்குவது ஆபத்து. ஆனால் பலகை விலகும் அதே கணக்கு அங்குள்ள மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டு மீனவரின் வலைக்கும் படகுக்கும் அப்படியே பொருந்துகிறது.

நீருக்கு மேலே அதிகம் தெரிகிற பொருள் காற்றோடு போகும். நீருக்குள் அதிகம் அமிழ்ந்த பொருள் நீரோட்டத்தோடு போகும். காலி பிளாஸ்டிக் கேன் ஒரு பக்கமும், அதே படகிலிருந்து விழுந்த வலை இன்னொரு பக்கமும் போவது இதனால்தான். படகிலிருந்து விழுந்தவர் படகைத் துரத்தி நீந்தக் கூடாது என்பதும் இதனால்தான். இயந்திரம் நின்ற வெற்றுப் படகைக் காற்று தள்ளும் வேகத்துக்கு நீச்சல் ஈடு கொடுக்காது. தேடப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது எங்கே தவறியது என்பது மட்டுமல்ல. எப்போது தவறியது, அது எவ்வளவு அமிழ்ந்து மிதக்கும் பொருள் என்பதையும்தான். அனுபவப்பட்ட மீனவர் இதைக் கேட்டுவிட்டே படகைத் திருப்புகிறார்.

சென்னைக் கரையில் நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காசிமேட்டுக்கு வெளியே தவறிய மிதவையை எண்ணூர், பழவேற்காடு பக்கம் தேட வேண்டும். மார்கழியில் மெரினா பக்கம் தேட வேண்டும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது கசிந்த எண்ணெய் இந்தத் தெற்குப் போக்கை ஊருக்கே காட்டியது. எர்ணாவூர், திருவொற்றியூர் கரைகளில் கருங்குழம்பாக ஒதுங்கிய எண்ணெய், மெரினாவையும் தாண்டித் தெற்கே போனது. அதை வாளியால் அள்ளியவர்களில் அந்தக் கரைகளின் மீனவக் குப்பத்தாரும் இருந்தார்கள். தாங்கள் சிந்தாத எண்ணெயை அவர்கள் அள்ளினார்கள்.

வடசென்னையில் மிக அதிகமாகத் தவறுவது வலை. செவுள்வலையின் மேல்கயிற்றில் மிதவைகள், அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகள், இரு முனையிலும் கம்பு நட்டுத் துணி கட்டிய கொடி மிதவைகள். இரவில் கொடியோடு சிறிய மின்விளக்கும் மினுக்கும். துணியின் நிறம், முடிச்சின் போக்கு, மிதவை கோத்திருக்கும் இடைவெளி இவற்றைப் பார்த்தே இது யார் வலை என்று அக்கம்பக்கத்துக் குப்பத்தார் சொல்லிவிடுவார்கள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பலோ, வெளியேறும் கப்பலோ வலையின் குறுக்கே போய்விட்டால் இரண்டு முனைகளும் தனித்தனியே மிதக்கின்றன. கொடி இல்லாத துண்டு அமிழ்ந்துவிடும். அதைத் தேட, கிணற்றில் வாளி எடுக்கும் பாதாளக் கரண்டியைப் போன்ற பல முள் கொக்கியைக் கயிற்றில் கட்டி, படகை மெல்ல ஓட்டித் தரையோடு இழுத்து வருகிறார்கள். கொக்கி மாட்டினால் கயிறு கனக்கும். அப்போது இயந்திரத்தை நிறுத்தி, கையால்தான் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் வலை புரொப்பெல்லரில் சுற்றி, உதவ வந்த படகும் நின்றுபோகும்.

இப்படித் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் காசிமேட்டு ஏலம் நடந்து முடிந்துவிடும். இருட்டோடு இறங்கும் மீனுக்குக் கிடைக்கும் விலை வெயில் ஏறியபின் இறங்கும் மீனுக்குக் கிடைக்காது. ஐஸ் உருகும், வியாபாரி போய்விடுவார். உதவியவர் இழப்பது இந்த விலை வித்தியாசத்தை. அதற்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை. இழுத்து வந்த படகுக்கு டீசல் செலவைக் கொடுப்பது உண்டு. அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்றே கருதப்படுகிறது.

பிறகு ஏன் செய்கிறார்கள்? நாளைக்கு நமக்கும் நேரலாம் என்ற கணக்கு ஒரு காரணம். ஆனால் அது முழுக் காரணம் ஆகாது. வடசென்னையில் விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் நெடுநாள் பகை உண்டு. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியதும் அந்தப் பகையைத் தீர்க்கத்தான். வலையை அறுத்துவிட்டார்கள் என்ற வழக்கு இன்றும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வருகிறது. அந்த இரு தரப்பாரும்கூட ஒருவர் படகு நின்றுபோனால் இன்னொருவர் கயிறு வீசுவார்கள். தரையில் உதவி கேட்க நூறு பேர் இருக்கிறார்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவர். கடலில் அருகில் இருப்பவர் ஒருவரே. அவர் திரும்பிக்கொண்டால் வேறு யாரும் இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். கடமை உறவிலிருந்து பிறக்கவில்லை. அருகில் இருப்பதிலிருந்தே பிறக்கிறது. அறம் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் உறவையும் நட்பையும் முன்னே வைக்கிறோம். கடற்கரை மக்கள் வைத்திருக்கும் இந்த அளவுகோல் அதைவிடக் கடினமானது, மேலானதும்கூட.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத் தெருக்களுக்கு வந்தபோது நகரம் வியந்தது. கடலில் செய்வதையே அவர்கள் தெருவிலும் செய்தார்கள். நீர் சூழ்ந்ததும் எதிரில் இருப்பவர் யார் என்பது அவர்களுக்குப் பொருட்டாகவில்லை.

சட்டமும் இந்த வழக்கத்தை ஓரளவு பின்பற்றியிருக்கிறது. ஆபத்தில் இருப்பவருக்கு, தன் கப்பலுக்கும் அதில் உள்ளவர்களுக்கும் பெருங்கேடு வராத அளவில் உதவ வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் தங்கள் கப்பல் தலைவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். 1989-ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கடல் மீட்பு ஒப்பந்தம் பொருளை மீட்டவருக்குக் கூலி உண்டு என்கிறது, அதுவும் மீட்பு பலித்தால்தான். உயிர் காக்கப்பட்டவரிடம் கூலி கேட்க முடியாது. உயிருக்கு விலை இல்லை, பொருளுக்கு உண்டு என்பது சட்டத்தின் பிரிவினை. நாட்டுப்படகு மீனவரின் வாழ்க்கையில் இந்தப் பிரிவினை அவ்வளவு தெளிவாக நிற்பதில்லை. வலை போனால் கடன் வாங்கித்தான் புது வலை. கடன் அடையும்வரை பிடிக்கும் மீனில் பெரும்பங்கு கடன் கொடுத்தவருக்கு. துடுப்பும் இயந்திரமும் போனால் கரை திரும்புவதே கேள்வி. அவரைப் பொறுத்தவரை பொருளை மீட்பது உயிரை மீட்பதற்கு வெகு அருகில் இருக்கிறது.

ஆயினும் வரிசை மாறக் கூடாது. முதலில் ஆள், பிறகுதான் பொருள். கைட்சர்ஃபிங்கில் ஆள் நலமா என்று சைகையில் கேட்டு உறுதி செய்தபிறகே பலகையைத் தேடுவது முறை. இரண்டு பட்டங்களின் கயிறுகள் பின்னிக்கொண்டால் விரலையே அறுக்கும். எனவே காற்று வரும் பக்கம் இருப்பவர் தன் பட்டத்தை உயர்த்தியும், மற்றவர் தாழ்த்தியும் பிடிக்க வேண்டும். பலகையைத் தன் உடலோடு கட்டிக்கொண்டு வருவது தவறு. கப்பல் தடத்துக்குள்ளோ கற்சுவரின் அருகிலோ போய்விட்ட பலகையை விட்டுவிட வேண்டும். தவறவிட்டவருக்கும் கடமை உண்டு: துரத்தாமல் இருப்பது, பட்டத்தை விடாமல் இருப்பது. கயிறுகளை (உடலில் அல்ல) கைப்பிடிக் கட்டையில் சுற்றிக்கொண்டு பட்டத்தைப் பற்றினால் காற்று நிரம்பிய அந்தப் பட்டமே மிதவையாகக் கரைக்குக் கொண்டு சேர்க்கும். படகை இழுக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். இறுகிய கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு சாட்டையாகத் திரும்பும்.

மீட்கப்படாத வலை கடலடியில் சும்மா கிடப்பதில்லை. நைலான் எளிதில் மக்காது. உரியவர் கைவிட்ட பிறகும் அது மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். பிடிபட்டவை அழுகி, அவற்றைத் தின்ன வருபவையும் மாட்டும். ஒருவருடைய வலையை மீட்பவர் எல்லோருடைய மீனையும் மீட்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நின்று மீன் பெருக வழிவிடுகின்றன. அந்த நாள்களிலும் கைவிடப்பட்ட வலை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. துறைமுக நிர்வாகங்கள் கப்பல் தடத்தில் அறுபட்ட வலைகளைத் தேடி எடுக்க ஒரு படகையாவது நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். இத்தனை காலம் அந்த வேலையைக் குப்பத்து மீனவர்கள் தங்கள் டீசலில் செய்துவந்திருக்கிறார்கள்.

கடலில் இறங்குபவர் எவரும் தன் பலகையிலும் மிதவையிலும் பெயரையும் கைப்பேசி எண்ணையும் அழியாத மையால் எழுதி வைக்கலாம், படகில் ஐ.என்.டி.–டி.என். என்று தொடங்கும் பதிவு எண் தெளிவாகத் தெரியட்டும். ஆளில்லாமல் மிதக்கும் பலகையையோ படகையோ கண்டால், அதை எடுப்பதற்கு முன் அருகில் ஆள் மிதக்கிறாரா என்று சுற்றிப் பாருங்கள். காணவில்லை என்றால் உடனே இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்ணிலோ கூப்பிடுங்கள். இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.