பட்டி பார்த்த சுவர்

விக்கிரமாதித்தன் கதையில் பட்டி ஒரு மந்திரி. கிராமத்தில் பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடம். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது மூன்றாவது பட்டி. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுவரில் பூசுகிறார்களே, அது. ஆங்கிலப் 'புட்டி' நம்மூர் பெயிண்டர்கள் வாயில் புகுந்து பட்டியாக வெளியே வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வீட்டுச் சுவருக்குப் பார்ப்பதும் பட்டிதான், இடிபட்ட காருக்கு டிங்கரிங் ஷெட்டில் பார்ப்பதும் பட்டிதான். வேலையும் ஒன்றே. பள்ளத்தை நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து, அங்கே ஒரு பள்ளம் இருந்த சுவடே தெரியாமல் பண்ணிவிடுவது.

ஒரு சனி, ஞாயிறு. உங்கள் வீடு என்றே வைத்துக்கொள்வோம். மாடி போர்ஷன் காலி. அடுத்த வாரம் வாடகைக்குப் பார்க்க ஆள் வருகிறது. பெயிண்டர் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று சனிக்கிழமை காலையிலேயே குடும்பத்தோடு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கியாயிற்று. பையனுக்கு ரோலர் கிடைத்த குஷி. பெண் பழைய பேப்பரைத் தரையில் விரிக்கிறாள். எல்லாம் நன்றாகத்தான் போகிறது, படுக்கையறையின் அந்த மூலைக்கு வரும்வரை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மொட்டைமாடித் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். ஓதம் அடித்து, உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பும். ஒழுங்காகச் செய்வதென்றால் மேலே தட்டோட்டைப் பெயர்த்துத் தளத்தைத் திரும்பப் போட வேண்டும். கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டதுமே நீங்கள் மாடிப்படி இறங்கிவிட்டீர்கள். இருக்கவே இருக்கிறது பட்டி! இரண்டு கை பூசி, காய்ந்ததும் தேய்த்து, மேலே ஐவரி கலர். சுவர் பளிச்.

ஞாயிறு. அதே குடும்பம் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் பானட்டைத் திறக்கமாட்டார். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்ப்பார். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி ஒருமுறை தண்ணீரில் நின்றிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது உங்களுக்கே தெரியும். அதெல்லாமே காயலான் கடைக்குப் போய்விட்டதாக நினைக்கிறீர்களா? அடுத்து, பிரேக் பெடலைப் பார்ப்பார். ரப்பர் வழவழவென்று தேய்ந்து போயிருக்க, மீட்டர் மட்டும் 30,000 கிலோமீட்டர் காட்டினால் யாரோ மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியிருக்கிறார்கள். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைப்பார். தகரத்தில் ஒட்டும். கனமாகப் பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும்.

விழுகிறது.

"லேடி ஓட்டின வண்டி சார், ஒரு கீறல் கிடையாது"ன்னு அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் வேறு எங்கோ பார்க்கிறார். உங்களுக்கு வருகிற கோபம் நியாயமானது. "ஆக்ஸிடென்ட் வண்டியைத் தலையில கட்டப் பார்த்தானே!" என்று ஆட்டோவில் திரும்பும்போது வழி முழுக்கப் பொருமுகிறீர்கள்.

சரி. அந்த மாடி மூலை?

"அது வேற, இது வேற. நான் பொய் சொல்லலையே. அவங்க கேட்கலை, நான் சொல்லலை" என்பீர்கள். இந்தப் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் சட்டமே கிட்டத்தட்ட இப்படிப் பேசுகிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் மோசடி என்றால் என்ன என்று சொல்கிற பிரிவு 17. அதன் கீழே விளக்கத்துக்குச் சில உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கார் ஏது? குதிரைதான். ஒருவர் தன் குதிரை உடம்பு சரியில்லாதது என்று தெரிந்தே அதை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். சும்மா இருந்தது குற்றமில்லை.

அடுத்த உதாரணம்தான் என்னை உட்காரவைத்துவிட்டது. அதே குதிரை, அதே ஆள். ஆனால் வாங்குவது அவருடைய மகள். இப்போதுதான் வயதுக்கு வந்து சட்டப்படி மேஜரானவள். இவளிடம் அவர் சொல்லியே ஆக வேண்டும்! உறவு அந்தக் கடமையைக் கொண்டுவருகிறதாம்.

அதாவது, குதிரையின் நோயில் ஒரு மாற்றமும் இல்லை. எதிரே நிற்கிற முகம்தான் மாறியிருக்கிறது. மகளுக்கு உண்மை, அந்நியனுக்கு மௌனம். சட்டம் எழுதியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனிதர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே எழுதிவிட்டார்கள். இவர் நம்மவர், அவர் யாரோ என்று ஒரு கோடு நம் எல்லோர் மனசிலும் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு எவ்வளவு உண்மை பாக்கி என்பதுதான் கேள்வி.

ஆனால் உங்கள் மாடிச் சுவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அதே பிரிவு 17, ஏமாற்றும் எண்ணத்தோடு ஒன்றைத் தெரிந்தே மூடி மறைப்பதை மோசடிப் பட்டியலில் வைத்திருக்கிறது. சும்மா இருப்பது ஒன்று, பட்டி பூசுவது வேறொன்று. பூசிய பட்டி 'இங்கே ஒண்ணுமில்லை' என்று உங்கள் சார்பில் பேசிக்கொண்டே இருக்கிறது. தவிர, வீடு என்று வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் வழியில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், விற்கும்போதும் சரி, வாடகைக்கு விடும்போதும் சரி, சொல்ல வேண்டும் என்கிறது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம். எத்தனை ஹவுஸ் ஓனர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

கி.மு. 44இல் ரோமாபுரியின் சிசரோ, தன் மகனுக்கு எழுதிய புத்தகத்தில் இந்தச் சண்டையைப் பதிவு செய்திருக்கிறார். மட்டமான கட்டடம், படுக்கையறைகளில் விஷ ஜந்துக்கள் நடமாட்டம். சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லி விற்க வேண்டுமா? தேவையில்லை என்கிறார் குரு டயோஜனிஸ். சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் சிஷ்யர் ஆன்டிபேட்டர். சிசரோ சிஷ்யர் பக்கம். பஞ்சம் பிடித்த ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொண்டுவந்த வியாபாரி, பின்னாலேயே நிறையக் கப்பல்கள் வருகின்றன என்பதையும் சொல்லிவிட்டுத்தான் விலை பேச வேண்டும் என்கிறார். அந்த அளவுக்கு எனக்குச் சம்மதமில்லை. அடுத்த தெருவில் வாடகை குறைவு என்று நீங்கள் போர்டு எழுதி வைக்க வேண்டியதில்லை. அதை வருகிறவர் நாலு இடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கார்த்திகை மாத ஓதத்தைச் சித்திரையில் வந்து பார்க்கிறவர் எப்படி விசாரிப்பார்? குடி வந்து, குழந்தையின் கட்டிலை அந்தச் சுவரோரம் போட்டு, அது ராத்திரியெல்லாம் இருமும்போதுதான் தெரியும்.

இப்படி எல்லோரும் மறைத்தால் என்ன ஆகும்? 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டதும் பழைய கார்தான். நல்ல காரின் மதிப்பு 4 லட்சம், மோசமானது 2 லட்சம் என்று வையுங்கள். எது எதுவென்று தெரியாத நீங்கள் நடுவாக 3 லட்சத்துக்குக் கேட்பீர்கள். நல்ல கார் வைத்திருப்பவர், 'போய்யா' என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். கடைசியில் சந்தையில் நிற்பதெல்லாம் ஓட்டை வண்டிகள்தான். இந்தக் கட்டுரையை முதலில் மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. 2001இல் அவருக்கு நோபல் பரிசு!

'நேர்மையாக இருங்கள், லாபம் கொட்டும்' என்று நான் சொல்லப்போவதில்லை. பல சமயம் கொட்டாது. "சார், இந்த மூலை மழையில ஓதம் அடிக்கும். கட்டிலைத் தள்ளிப் போடுங்க. தளம் போடற வரைக்கும் வாடகையில 500 குறைச்சுக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய் போச்சு. ஆள் வராமலே போனாலும் போகலாம். 'ஊர்ல யார் சொல்றாங்க, நீங்க மட்டும் என்ன அரிச்சந்திரனா?' என்று வீட்டிலேயே குரல் வரும். அந்தக் குரலுக்கு நான் பதில் எழுதித் தர முடியாது. நீங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கார் விஷயத்தில் மட்டும் ஒரு உபகாரம் செய்கிறேன். அதே பிரிவு 17இல் மூன்றாவது குதிரை ஒன்று உண்டு. 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குகிறவர் சொல்கிறார். விற்கிறவர் பேசாமல் நிற்கிறார். இங்கே மௌனமும் பேச்சும் ஒன்றுதான் என்கிறது சட்டம். அடுத்த ஞாயிறு போகும்போது சீட் பெல்ட், மீட்டர் எல்லாம் பார்த்த பிறகு, மெக்கானிக்கைப் பக்கத்தில் சாட்சியாக வைத்துக்கொண்டு இதைச் சத்தமாகக் கேளுங்கள்: "நீங்க இல்லைன்னு சொல்லலைன்னா, இது தண்ணியில நிக்காத, அடிபடாத வண்டின்னு எடுத்துக்கறேன். சரிதானே?"