பனியும் உழவாரமும்

பனி என்ற சொல்லைத் தமிழன் வாயெடுத்துச் சொல்லும்போது, விடியற்காலையில் புல்நுனியில் நின்று, சூரியன் ஒரு பனையளவு ஏறுமுன்னே தானாகவே மறைந்துபோகும் ஒன்றையே மனதில் எண்ணுகிறான். முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரண்டு பருவங்களுக்கு அதன் பெயரைச் சூட்டிய நம் முன்னோரும், அதனை வாரி ஒதுக்குவதற்கென ஒரு கருவி செய்ததாகத் தெரியவில்லை; காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்கிசை ஒழுங்கையொன்றில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கும், தும்புத்தடியால் தினமும் கூட்டித் தள்ளவேண்டிய பொருள் கடற்காற்று கொண்டுவந்து வாசலில் போடும் மணல் ஒன்றேயன்றிப் பனியாக இருந்ததில்லை.

2014ஆம் ஆண்டு மார்கழியில், மூத்த மகனின் வற்புறுத்தலுக்கிணங்கி ரொறன்ரோ நகரின் பழைய பகுதியிலே, ஒடுங்கிய தெருவொன்றில் அவன் வாங்கியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாட் காலை, இன்னும் இருள் பிரியாத வேளையில், கல்லின்மேல் இரும்பை இழுப்பதுபோன்ற ஓசை கேட்டு ஜன்னலைத் திறக்க முயன்று, அது திறவாத ஜன்னல் என்பதை அறிந்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தேன். மகன் தெருவோர நடைபாதையில் நின்று ஸ்நோ தள்ளிக்கொண்டிருந்தான். "அப்பா, நீங்கள் வெளியிலை வராதேங்கோ, வழுக்கும்" என்று அவன் கையசைத்துத் தடுத்தும், அவனுடைய பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். அவன் கையிலிருந்தது ஆளுயரப் பிடியும், விரித்த முறம்போன்ற அகன்ற தகடும், தகட்டின் விளிம்பில் தேய்ந்து பளபளத்த உலோகப் பட்டையும் கொண்ட ஒரு ஷவல். அதனைக் கண்ட கணத்தில் என் நினைவுக்கு வந்தது, நம் கோயில்களில் திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவம் தோளிலே சார்த்தி நிற்கும் உழவாரப்படையேயாகும்.

அவன் ஏன் அத்தனை அவசரப்படுகிறான் என்பது சற்று நேரத்தில் விளங்கிற்று. புதிதாக விழுந்த பனி மாவைப்போல இலேசானது. சிறு பிள்ளையும் தள்ளிவிடலாம். ஆனால் அதன்மேல் மனிதர் நடந்துவிட்டாலோ, ஒவ்வொரு பாதமும் அழுத்திய இடம் இறுகி, இரவுக் குளிரில் பாதத்தின் வடிவமாகவே உறைந்து, மறுநாள் கோடரி முனையால் கொத்தினாலன்றிப் பெயராத பனிக்கட்டியாகிவிடுகிறது. இரண்டு வீடு தள்ளி, ஆளில்லாத ஒரு வீட்டின் முன்னே அத்தகைய உறைந்த காலடிகள் வரிசையாகக் கிடந்தன. முன்னே போனவனுடைய சுவடு பின்னே வருபவனை வீழ்த்தும் பொறியாக மாறும் விந்தையை அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

நாவுக்கரசர் சரிதத்தை அறியாத சைவர் இலர். தமக்கையார் திலகவதியார் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு மெழுக்கிட்டுத் தொண்டு செய்ய, தம்பியாராகிய அவர் உழவாரத்தைக் கையிலேந்தித் தலந்தோறும் சென்று, வலம்வருவோர் பாதத்தில் முள் தைக்காதிருக்கும்பொருட்டுப் புல்லைச் செதுக்கினார். செதுக்கிய புல் அடுத்த மழைக்குள் மறுபடி முளைக்கும் என்பது அவருக்குத் தெரியாததன்று. திருப்புகலூரில் அவ்வுழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்து ஒளிவிட, பருக்கைக் கல்லையும் அவற்றையும் வேறுபாடின்றி ஒன்றாகவே வாரி வாவியில் எறிந்தார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகிறார். அதே பெரியார் முதுமையில் கயிலைக்குப் போகப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பினால் ஊர்ந்தும் போகமுடியாமற் கிடந்தபோது, இந்த உடலோடு அங்கே வருதல் அரிது என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். பனிமலை அவருக்கு வழிவிடவில்லை. புல் முளைத்த ஊர்க்கோயிற் பிராகாரங்களோ அவர் ஆயுள் முழுவதும் வழிவிட்டுக்கொண்டேயிருந்தன.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் முதலாவதான சரியையைத் தாசமார்க்கம் என்று சொல்லி, அதனை ஏணியின் அடிப்படியாகக் கருதி விரைந்து கடந்துபோகவே நம்மிற் பலர் விரும்புகிறோம். நானும் அந்த அபிப்பிராயத்தையே நெடுங்காலம் கொண்டிருந்தேன். ரொறன்ரோவின் நடைபாதையில் நின்றபோது எனக்கு எழுந்த சந்தேகம் வேறு: கோயிலும் இல்லாமல், வலம்வரும் அடியாரும் இல்லாமல், இன்னார் என்று அறியாத ஒருவன் விழாதிருக்க வேண்டுமென்பதற்காகச் செய்யப்படும் இப்பணி சரியையாகுமா, ஆகாதா?

ஆகாது என்பதற்கு முதற் காரணமாகச் சட்டத்தைச் சொல்லலாம். பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள் தன் வீட்டின் முன்னுள்ள நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும், தவறினால் தண்டம் என்பது அப்போது அம்மாநகரத்தின் விதியாயிருந்தது. தண்டத்துக்கு அஞ்சிச் செய்வது தொண்டாகுமா என்று கேட்பவருக்கு நான் சொல்லும் மறுமொழி சற்று விசித்திரமானது. 2000ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றின்படி, நடைபாதை மாநகரத்தின் உடைமையாதலால், அங்கே பனியில் வழுக்கி விழுந்தவனுக்கு அருகிலுள்ள வீட்டுக்காரன் பொதுவாக நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவனல்லன். மாநகரமோ, மிகப் பாரதூரமான கவனயீனம் நிரூபிக்கப்பட்டாலன்றிப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே பனியைத் தள்ளாதவன் அரசுக்குத் தண்டம் கட்டலாமேயொழிய, விழுந்து இடுப்பொடிந்த கிழவிக்கு அவன் தரவேண்டியது யாதொன்றும் இல்லை. சட்டம் கைவிட்ட அந்த இடத்தில்தான், அந்தக் கிழவிக்கும் எனக்கும் நடுவே உள்ள ஓரிரு முழ நிலத்தில்தான், தருமம் என்று ஒன்று இருந்தால் அது நிற்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதற்கெடுத்தாலும் கீதையை இழுப்பது நம்மவர் வழக்கம். பலனில் பற்றின்றிக் கருமம் செய் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது என்று நண்பரொருவர் கேட்டார். பலன் நிலையாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: 1999ஆம் ஆண்டு ஜனவரியில் இரண்டு வாரங்களுக்குள் ஒரு மீற்றருக்கும் மேலே பனி கொட்டி, நகரபிதா மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைத்து, மற்றைய மாகாணத்தாரின் பரிகாசத்துக்கு ஆளானபோதுகூட, வசந்தத்தில் அத்தனையும் தானே உருகித்தான் போயிற்று. சாதாரண நாட்களிலோ, நாம் தள்ளி முடித்து உள்ளே வந்து தேநீர் ஊற்றுமுன், வீதியைத் துப்புரவு செய்யும் கலப்பை வண்டி கடகடவென்று வந்து, வீதியிற் கிடந்ததையெல்லாம் நம் வாசல் முகப்பிலே முழங்காலளவு வரம்பாக ஒதுக்கிவிட்டுப் போகும். அதைத் திருப்பி வீதியில் தள்ளுவதும் குற்றம். ஆயினும், பற்றின்மை என்று இதனைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தள்ளுகிறவனுக்குப் பலனில் பற்று உண்டு. ஒருவரும் விழக்கூடாது என்று அவன் மெய்யாகவே விரும்புகிறான். அப்பலன் தனக்கு வருவதன்று, அந்தி வரைக்கும்கூட நிற்பதன்று என்பது மாத்திரமே வேறுபாடு. முள் தைக்கக்கூடாதென்ற விருப்பமின்றி நாவுக்கரசர் புல்லைச் செதுக்கினார் என்று கொள்வதானால், அது அவரை இயந்திரமாக்குவதாகும்.

இவ்வளவில் விசாரம் முடிந்திருந்தால் எனக்கும் திருப்தியாயிருக்கும்; உப்புத்தான் அதனைக் கெடுத்தது. பனி தள்ளிய தரையில் மெல்லிய பனிக்கட்டிப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சும். அதன்மேல் கல்லுப்பைத் தூவினால், நீர் உறையும் வெப்பநிலை தாழ்ந்து, படலம் பொரிந்து உருகும், கடுங்குளிர் நாட்களில் மட்டும் உப்பும் தோற்றுப்போகும். ஹூரன் ஏரிக்கு அடியிலே, ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில் விரிந்து கிடக்கும் கோட்றிச் சுரங்கத்தைப் போன்ற இடங்களிலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் உப்பில், ரொறன்ரோ நகரம் மாத்திரம் ஆண்டொன்றுக்கு 130,000 தொன் அளவுக்கு வீதிகளில் இறைக்கிறது. அது எங்கே போகிறது? ஓடைகளுக்கும், ஓடை வழியாக ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. வீதியுப்பு சுற்றாடலுக்கு நஞ்சு என்று கனடா அரசின் ஆய்வே 2001இல் முடிவு செய்தது. நன்னீர் உயிர்கள் நெடுங்காலம் தாங்கக்கூடிய குளோரைட்டு லீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று பின்னர் வரையறையும் வகுத்தார்கள். ஒரு கிழவியின் இடுப்பைக் காத்த கை, அதே அசைவிலே, காணாத ஓடையொன்றின் காணாத உயிரைக் கொல்கிறது.

நல்வினையும் விலங்கே, அது பொன்விலங்கு என்று நம் சித்தாந்திகள் சொல்லும்போது, அது துறவிகளுக்கான பேச்சென்று நான் அலட்சியம் செய்ததுண்டு. இருவினையொப்பு என்பதை நன்மை தீமையில் அக்கறையற்றிருத்தல் என்று பிழையாக விளங்கிக்கொண்டவர்களுள் நானும் ஒருவன். உப்புக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றபோதுதான், நல்வினை செய்கிறேன் என்ற மிதப்பை விட்டுவிட்டு, செய்யாமலும் இராமல், அளந்து செய்யவேண்டிய ஒரு நிலை உண்டென்பது உறைத்தது. அன்று முதல் மகனுக்குத் தெரியாமல் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். சரிவான இடத்துக்கு உப்பு, சமதரைக்கு மணல். மணல் உருக்காது, பிடிமானம் தரும். மணலின் குணம் கல்கிசைக்காரனுக்குப் பிறர் சொல்லித்தரத் தேவையில்லை.

2021ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து அப்பழைய பகுதியின் நடைபாதைகளிலும் மாநகரத்தின் சிறு இயந்திரங்களே பனி தள்ளத் தொடங்கிவிட்டன என்று மகன் அறிவித்தபோது, அவனுடைய சிரமம் நீங்கியதென்று மகிழ்ந்தாலும், எதையோ இழந்தவன்போலவும் இருந்தது. அந்த மாசியில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு, அங்கே காலை ஆறரை, தொலைபேசியில் அழைத்தேன். மூச்சு வாங்க எடுத்தான்.

"என்ன தம்பி செய்கிறாய்? மெஷின் வரும்தானே?"

"வரும் அப்பா, எப்ப வருமெண்டு ஆர் கண்டது? பள்ளிக்கூடப் பிள்ளையள் எட்டு மணிக்கே இதாலை போகுங்கள். கொஞ்சம் பொறுங்கோ, ஃபோனைப் பொக்கற்றுக்கை வைக்கிறன்."

அதன்பின் அவன் பேசவில்லை. காலையிற் கூட்டிய என் வாசலில் மணல் மறுபடி படிந்திருந்தது; கடற்கரையோரமாக மாலை ரயில் கல்கிசை நிலையத்தை நோக்கி ஊதிக்கொண்டு வந்தது; அதன் இரைச்சல் அடங்கிய பின்னும், காதோடு அழுத்திப் பிடித்திருந்த கருவியில், கல்லின்மேல் உலோகம் உராயும் அந்த ஓசை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.