மூத்தோர் பிணியும் அவர்தம் இச்சையும்

மூப்பென்பது உடம்பின் தருமமேயன்றி உயிரின் தருமமன்று. உயிர் அநாதி நித்தமாதலின் அதற்கு இளமையும் முதுமையும் இல்லை. இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் அதற்கு என்றும் உள. இஃது யாவரும் ஒப்பிய சித்தாந்தமாயிருக்க, மூத்தோர் ஒருவர் பிணியுற்றவிடத்து நாம் நடந்துகொள்ளும் முறை இதற்கு இயைந்ததாகுமோ?

தாம்பரத்தில் எமக்கு அணுக்கராய் எண்பதாண்டு கடந்த பெரியாரொருவர் இருந்தார். மருத்துவர் அவரை எதிரே இருத்திக்கொண்டே அவர் மைந்தரோடு மட்டும் உரையாடினர். அறுவைச் சிகிச்சைக்கு உடன்பாட்டுக் கையொப்பமும் மைந்தரே இட்டனர். "என் வயிற்றைக் கீறப்போகின்றனரென்பதை அடுத்த கட்டிலில் இருந்தவர் சொல்லியே யான் அறிந்தேன்" என்று பெரியார் பின்னர்க் கூறியபோது அவர் குரலிற் சினமில்லை, நாணமே இருந்தது. மைந்தர் தீயரல்லர், தந்தை அஞ்சுவாரென்று அஞ்சியவர்.

அன்பினால் மறைத்தேம் என்பர். உயிர் அறிவிக்க அறியும் இயல்பினதென்பது நம் நூற்றுணிபு. கண் இருந்தும் விளக்கின்றிக் காணாமை போல. ஆதலின் அறிவியாது மறைத்தல் ஒளியின் தொழிலன்று, இருளின் தொழிலேயாம். மைந்தரை ஆணவத்தோடு ஒப்பிடுதல் கடிதென்பாரும் உளர். யாம் ஒப்பிட்டது மைந்தரையன்று, மறைத்தலென்னுஞ் செயலையே. செவி மந்தமாயினும் கண் மங்கினும் குன்றியது கருவியே. அணுகியிருந்து பன்முறை எடுத்துரைப்பின் விளங்கும்.

தாம்பரத்திற்கு அணித்தாகிய குன்றத்தூரிற் றோன்றிய சேக்கிழார் பெருமான் அருளிய வரலாற்றை நினைமின். சூலையால் வருந்திய மருணீக்கியார் தமக்கையார்பால் ஆள் விடுத்தார். திலகவதியம்மையார் தாம் ஆண்டு வருதற்கு இசையாராயினர்; தம்பியாரை வலிந்து கொணர்ந்தாருமிலர். திருவதிகைக்குச் செல்லத் துணிந்தவர் நோயுற்ற அவரே. அப்போது அவர் முதியரல்லர். எனினும் துணிபு நோயாளர்க்குரியதென்பது ஈண்டுப் பெறப்படும்.

நாட்டின் சட்டமும் இதற்கு மாறன்று. சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம், உடனடியான உயிரிடர் இல்லாதவழி, அறிவு தெளிந்த வயதுவந்த நோயாளிக்காக அவர் தாய் அளித்த உடன்பாடும் செல்லாதென 2008-இல் தீர்த்தது. மீட்சியற்ற நிலையில் இன்ன சிகிச்சை வேண்டாவென்று முன்னரே எழுதிவைத்தலை 2018-இல் ஏற்று, 2023-இல் அம்முறையை எளிதாக்கியது. கிண்டியில் முதியோர்க்கென்றே தேசிய மருத்துவமனையொன்று 2024-இல் திறக்கப்பட்டது. மனை எழுந்தாற் போதுமோ? அங்கே அழைத்துச் செல்வோர் நாமன்றோ!

"யான் ஒன்றும் அறியவேண்டா, மைந்தன் செய்வதே செய்க" என்னும் மூத்தோரும் உளர். அதுவும் அவர்தம் இச்சையே. ஆயின் அதனை அவர் வாயினின்றே கேட்டறிதல் வேண்டும். கேட்டிருப்பினும் தந்தையார் உடன்பட்டேயிருப்பர் என்று எம் அன்பரின் மைந்தர் இன்றும் கூறுவர். உடன்பட்டிருக்கலாம், கேட்டாரிலர்.