மறையாத நிலவு



நோர்வேக்கும் வடக்கே, வடமுனைக்கு அண்மையில், ஸ்வால்பார்ட் என்னும் தீவுக்கூட்டம் உண்டு. அதன் பிரதான ஊர் லோங்யியர்பியென். ஒக்டோபர் கடைசியில் அடிவானத்தின் கீழ் இறங்கும் சூரியன், பெப்ரவரி நடுவில்தான் அங்கே மீண்டும் எழும். மலைகள் மறைப்பதால் ஊருக்குள் அதன் கதிர் விழ மார்ச் 8ஆம் திகதியாகிவிடும். டிசெம்பரில் நண்பகலிலும் இருளே.

அந்த நெடிய இரவில் சந்திரன் செய்வது நமக்குப் புதுமையானது. நம் வானில் பூரணை நிலவு மாலையில் எழுந்து காலையில் மறையும். அங்கோ, குளிர்காலப் பூரணையை ஒட்டி ஒரு வாரத்துக்கு மேலாக அது மறைவதேயில்லை; வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் ஒளி வெண்பனியிற் பட்டுத் தெறிக்க, மலையும் பாதையும் துலங்குகின்றன.

காரணம் என்ன? பூரணைச் சந்திரன் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் நிற்கும். ஆகவே சூரியன் மிகத் தாழ்ந்திருக்கும் காலத்தில் அது மிக உயர்ந்து நிற்கிறது. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. 1969இல் அங்கு கால்பதித்தவர்கள் கண்டது சாம்பல் நிறத் தூசியையும் கல்லையுமே. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 12 பங்களவையே அது திருப்பித் தருகிறது. ஆனால் கீழே உள்ளோர் காணாத சூரியனை அது காண்கிறது. அதுவே போதுமாயிருக்கிறது.

புனித அம்புரோசியார் போன்ற ஆதித் தந்தையர் திருச்சபையைச் சந்திரனுக்கு ஒப்பிட்டனர். அதன் ஒளி கிறிஸ்துவிடமிருந்து பெற்ற ஒளி அன்றோ!

நம் பங்கிலும் இருண்ட வீடுகள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், “என்னால் செபிக்க முடியவில்லை, சுவாமி” என்கிறார். அவரிடம் விசுவாசம் இல்லையென்று சொல்லலாமா? ஆண்டவர் அவர் கண்ணுக்கு மறைந்திருக்கிறார், இல்லாமற் போகவில்லை. அவருக்கு நம் பிரசங்கம் வேண்டாம். அவர் செபிக்க முடியாத நாட்களில் அவருக்காகச் செபிப்பவர் வேண்டும். 31ஆம் நாள் பூசையும் முடிந்து, உறவினர் கலைந்து போனபின் அந்தப் படலையைத் திறந்து உள்ளே போகிறவர் வேண்டும்.

அமாவாசையை ஒட்டிய நாட்களில் துருவத்து நிலவும் காணாமற் போகும். நாமும் களைத்துப்போவோம். ஆதலால் நம்மையே சூரியனென்று எண்ணவேண்டாம். ஒருவர் தளரும்போது மற்றவர் போகட்டும்.

மார்ச் 8ஆம் திகதி லோங்யியர்பியென் மக்கள் பழைய வைத்தியசாலையின் படிகளருகே கூடி, முதற் கதிருக்குக் காத்திருக்கிறார்கள். அந்நேரம் நிலவை எவரும் தேடுவதில்லை. கோடையில் சூரியன் மறையாத நாட்களிலோ பூரணைச் சந்திரன் அங்கே தலைகாட்டுவதுமில்லை. நாம் துணைநின்ற சகோதரி ஆண்டவரை மீண்டும் கண்டு மகிழும் நாளில் நம்மை மறந்துவிட்டால், அதற்காக நன்றி கூறுவோம்.

உங்கள் அயலில் அத்தகைய வீடு எது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வாரமே போய்வாருங்கள்.