மன்னிக்கும் உரிமை

அழகான ஓர் இடத்தில் நின்றுகொண்டு, 'இது யார் பாடுபட்டு உண்டானது?' என்று கேட்பது விருந்துக்குப் போன வீட்டில் சம்பளத்தை விசாரிப்பது போன்ற காரியமா? (நம்மவர்களுக்கு அதுவே முதல் கேள்வி என்பது வேறு விஷயம்.) இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்துக் கிராம்போர்டு கால்வாய்க் கரையில் ஓர் அக்டோபர் மாதத்தில் நடந்தபோது இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

1794-ஆம் ஆண்டில் திறந்த கால்வாய் அது. நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் ஏற்றிய படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற பாதைதான் இன்று நடைபாதை. ரயில் வந்தது, சரக்கும் அதன் பின்னால் போய்விட்டது. 1944-இல் கால்வாயின் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். இப்போது தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. பீச் மரத்தின் செம்பழுப்பு இலைகள் அதன்மேல் பாய் விரித்தாற்போல் கிடக்கின்றன. வாத்து ஒன்று நீந்திப் போனால் ஒரு கோடு விழுகிறது. சற்றைக்கெல்லாம் இலைகள் கூடி அதை மூடிவிடுகின்றன.

கரையை ஒட்டிய சரிவில் லீ வுட் என்ற காடு. 1600-க்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருந்தால்தான் அந்த நாட்டில் 'தொன்மைக் காடு' என்ற பெயர் கிடைக்கும். தொன்மை என்றதும் மனிதன் கை படாதது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த வட்டாரத்தில் ஈயம் உருக்கக் காலங்காலமாக விறகு வெட்டியிருக்கிறார்கள். கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதுபோல அடிக்கட்டையை விட்டு வெட்டுவார்கள், மறுபடி தழைக்கும். ஒரே அடியிலிருந்து நாலைந்து மரங்கள் எழுந்து நின்றால், அங்கே கோடரி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கால்வாய் தொடங்கும் இடத்துக்கு அருகில், ரிச்சர்டு ஆர்க்ரைட் 1771-இல் நிறுவிய பஞ்சாலை நிற்கிறது. தண்ணீர் விசையால் நூல் நூற்ற ஆலை. இரவும் பகலும் ஓடியது. ஏழு வயதுக் குழந்தைகளும் வேலை செய்தார்கள். 2001-இல் அந்தப் பள்ளத்தாக்கின் ஆலைகளையெல்லாம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கிவிட்டார்கள்.

உடன் வந்த நண்பர் பெருமூச்சு விட்டார். "இருநூறு வருஷம் போதும் சார். எல்லாப் பாவத்தையும் காலம் மன்னித்துவிடுகிறது" என்றார்.

எனக்கு ஒப்பவில்லை. ஆலை ஓடிக்கொண்டிருந்த 1780-களிலேயே ஜோசப் ரைட் என்ற ஓவியர் அதை இரவுக் காட்சியாகத் தீட்டியிருக்கிறார். மேகத்தின் நடுவே நிலா, இருண்ட மரங்கள், ஜன்னல்தோறும் மஞ்சள் வெளிச்சம். பார்த்தால் கல்யாண வீடு போல இருக்கிறது! உள்ளே இராமுறைக் குழந்தைகள் தூக்கத்தை விரட்டிக்கொண்டு நின்ற அதே நாட்களில் வெளியே அது அழகாகத்தான் இருந்தது. ஆகவே அந்த அழகைக் கொடுத்தது காலம் அல்ல, தூரம். ஓவியர் நின்ற தூரம். நாங்கள் நின்ற தூரம்.

ரசிப்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. நானும் ரசித்தேன், இன்னொரு முறை போகவும் ஆசைதான். ஆனால் மன்னிப்பு பட்டவர்கள் கொடுக்க வேண்டியது. அறுந்த நூலை முடிந்த சிறு விரல்களுக்காக நாம் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

நண்பர் விடவில்லை. பக்கத்து மேட்டில் இருப்பது லீ ஹர்ஸ்ட். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் சிறுவயதில் கோடைகாலங்களைக் கழித்த வீடு. "அந்த அம்மாளை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவருடைய தந்தைக்கு வந்த சொத்து, ஈயத்திலும் பஞ்சிலும் பணம் பண்ணிய பீட்டர் நைட்டிங்கேல் என்ற உறவினருடையது. 1853-இல் தந்தை ஆண்டுக்கு 500 பவுன் ஒதுக்கினார். அதனால்தான் மகளால் சம்பளம் வாங்காமல் லண்டனில் நோயாளிகளைக் கவனிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு கிரிமியப் போருக்குப் போனார். உலகத்துக்கு லாபம், மறுக்கவில்லை. ஆனாலும் கடன்பட்டது ஒருவரிடம், கட்டியது வேறொருவருக்கு. முதல் வரி பேரேட்டில் அடிபடாமலே இருக்கிறது என்றேன்.

"வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள்தாம் இல்லையே சார், யார் கையில் கொடுப்பது?" என்றார் நண்பர்.