அந்தக் கூட்டை நிரப்பு

உன் பிறப்புச் சான்றிதழை எடு. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது மட்டும் போட்டோக்கொப்பி அடிக்கிறாயே, அதே தாள்தான். அப்பா, அம்மா பெயரைத் தாண்டிக் கீழே வா. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். அதற்கும் கீழே பூட்டனாருக்கு ஒன்று. பசறையிலும் லுணுகலையிலும் ஹாலி-எலயிலும் எத்தனை வீட்டுத் தாள்களில் அந்த இடத்தில் வெறும் கோடு கிடக்கிறது!

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்ட கேள்வி அது. தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? எங்கே தாள்? காம்பறாவில் பிள்ளை பெற்று, சில நாளிலேயே மலைக்கு ஏறிய மனுஷியிடம் கேட்டார்கள் இதை. அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் கல்யாணமானவர் ஏழு ஆண்டு, ஆகாதவர் பத்து ஆண்டு இந்நாட்டில் தொடர்ந்து குடியிருந்ததாக நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது.

இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடாதே. எழும்பு! நிரூபிக்கச் சொன்னார்கள் அல்லவா? அதற்காக உன் பூட்டன் கணக்கப்பிள்ளையின் காலைப் பிடித்து, கந்தோர் வாசலில் நாள்கணக்காய் நின்று, எந்தத் தோட்டத்தில் எந்த வருஷம் பேர் பதிந்தோம், மனைவி யார், பிள்ளைகள் யார் என்று எழுதி வாங்கினான். விண்ணப்பம் தள்ளுபடியான வீட்டிலும் அந்தத் தாளின் நகல் தகரப் பெட்டியில் கிடக்கலாம். அவனை வெளியே தள்ள எழுப்பிய கேள்விக்கு அவன் சொன்ன பதில்தான், இன்று அவன் வாழ்க்கைக் குறிப்பு. அதைச் செல்லரிக்க விட்டுவிட்டு, கேம்பஸில் எவனாவது “எந்த ஊர்?” என்று கேட்டால் “பதுளை” என்று முணுமுணுத்து, தோட்டத்தின் பெயரை ஏன் விழுங்குகிறாய்?

பதுளை டவுனில் புனித மாற்கு தேவாலயம் நிற்கிறது. மேஜர் றொஜர்ஸ் நினைவாகக் கட்டியது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்த வெள்ளைக்காரர். ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் சுட்ட யானைக்குக்கூடக் கணக்கு நிலைத்திருக்கிறது. அந்த யானைகள் திரிந்த காட்டை வெட்டிப் பாதை போட்டவனின் பெயரைக் கேட்டால் ஊரே விழிக்கிறது. 1869இல் கோப்பி இலையில் விழுந்த நோய் இந்தத் தீவில் முதலில் கண்ணில் பட்டது நம் மடுல்சீமைப் பக்கம். துரைமார் பலர் கடனில் மூழ்கிக் கப்பலேறினார்கள். கோப்பி அழிந்த மலையில் தேயிலைக் கன்றை ஊன்றிய கை யாருடையது? திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கம் மழை பொய்த்த காட்டில் கம்பும் சோளமும் விதைத்தவர்களின் கை. விவசாயி, ஐயா, விவசாயி! ‘கூலி’ என்பது துரை ஒட்டிய பெயர்.

அவர்கள் குனிந்தே கிடந்தார்கள் என்று எவனாவது சொன்னால் 1940ஐக் காட்டு. பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டம். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அதைக் கலந்துதான் தோட்டத்தை நடத்த வேண்டும் என்று துரையைச் சம்மதிக்க வைத்தார்கள். அந்த மே மாதம் தடையை மீறி இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா பதுளையில் கூட்டம் பேசினார். கூட்டத்தில் நின்றவர்களில் உன் அம்மாயியின் அப்பா இல்லை என்று உனக்கு யார் சொன்னது? நீ கேட்டாயா?

கேள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாயிக்குப் பக்கத்தில் குந்து. போனை ரெக்கோர்டில் போடு. “சொந்த ஊர் எது?” என்று மட்டும் கேட்டால் “இந்தியா” என்று முடித்துவிடுவார். பெரிய கங்காணி யார், அவர் எந்த ஊர், மண்டபம் முகாமில் நின்றார்களா, தனுஷ்கோடியில் கப்பலேறினார்களா, குலசாமி எது என்று கிளறு. குலசாமியைப் பிடித்தால் கிராமம் பாதி வந்துவிட்டது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியப் பக்கம் போன சித்தப்பாமார் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருப்பார்கள். அவர்கள் கொண்டுபோன கடதாசியில் உன் பூட்டன் பெயர் இருக்கலாம். பதிவுகளில் எழுத்து மாறியிருக்கும். கிளாக்கர் காதில் விழுந்தபடி ராமசாமி ஒரு இடத்தில் ராமனாகவும் இன்னொரு இடத்தில் சாமியாகவும் நிற்பான். தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுவான். கச்சேரியில் பிறப்பு, இறப்புப் பதிவுக்குத் தேடல் விண்ணப்பம் கொடு. கோயில் கல்வெட்டையும் மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேட்டையும் விடாதே.

கிடைத்த தாளை அன்றைக்கே படம் எடு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. லயங்களோடு அவற்றில் இருந்த பெட்டிகளும் போயின. நம் மலையில் தகரப் பெட்டியை நம்பக் கூடாது.

தேடும்போது உனக்குப் பிடிக்காததும் வரும். உன் பூட்டனே கங்காணியாக இருந்து, ஆளுக்கு ஆள் கடன் ஏற்றி, ‘துண்டு’ முறையில் தன் சனத்தையே தோட்டம் தோட்டமாகக் கைமாற்றியவனாக இருக்கலாம். 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். மறைக்காதே, எழுது. அவன் கணக்கில் கடன்பட்டு நின்றவர்களின் பெயர்கள் கிடைத்தால் அவற்றையும் எழுது. அவர்களின் பேரப்பிள்ளைகள் கீழ் லயத்திலேயே இருக்கக்கூடும். அவர்கள் தாளிலும் அந்தக் கூடு காலிதான். கொண்டுபோய்க் கொடு.