பத்தடி அறையில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா

விடிவதற்கு முன்பே ஷூ கம்பெனி பஸ் வந்து ஆரன் அடிக்கிறது. அம்மாவும் அக்காவும் டிபன் பாக்ஸோடு ஆம்பூருக்கு ஏறிப்போகிறார்கள். இராத்திரி முழுக்க விழித்திருந்த நீ, கம்ப்யூட்டரில் வயலின், செல்லோ, டபுள் பேஸ், கொம்பு வாத்தியங்கள் என்று ஓர் ஆர்க்கெஸ்ட்ராவையே எழுப்பி நிறுத்தியிருக்கிறாய். ஆனால் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. கேட்டால், "நல்ல ஸ்பீக்கர் இல்லண்ணா, மெட்ராஸ்ல பெரிய ஸ்டுடியோ கெடச்சாத்தான் மிக்ஸிங் பண்ண முடியும்" என்கிறாய். தம்பி, அந்தப் பேச்சை இன்றோடு விடு!

கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறம் ஒரு சிறிய ஸ்டுடியோவைக் கட்டினார் ஏ.ஆர். ரகுமான். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்தான். அதன் பிறகு வந்தது 'ரோஜா'. முதல் படத்துக்கே தேசிய விருது. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற இசை சின்ன இசை என்று இனி உன்னிடம் எவன் சொன்னாலும் நம்பாதே.

மானிட்டர் ஸ்பீக்கர் என்றால் என்ன என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது உன் ஊரின் தொழிலிலேயே இருக்கிறது. தோல் தரம் பிரிக்கிறவரைப் பார்த்திருப்பாய். வெளிச்சத்தில் தோலை விரிக்கிறார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, எதுவும் அவர் கண்ணுக்கும் விரலுக்கும் தப்பாது. சாயமும் பூச்சும் ஏறிப் பளபளத்த பிறகு பார்த்தால் பாதிக் குறை மறைந்திருக்கும். கடையில் ஆளை மயக்குகிற ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் அந்தப் பூச்சு. ஸ்டுடியோ மானிட்டர் அந்த வெளிச்சம். யமஹா 1978இல் வெளியிட்ட என்எஸ்-10 காதுக்கு இனிமையானதே இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க ஸ்டுடியோ மேசைகளில் அது ஏறி உட்கார்ந்தது. குறையை மூடாமல் காட்டியது, அதனால்தான். 2001இல் உற்பத்தி நின்ற பிறகும் அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உன் இசையைப் புகழ்கிற ஸ்பீக்கரைத் தேடாதே. உன் தவறை முகத்துக்கு நேரே சொல்வதைத் தேடு. அதைக் கேட்கிற துணிச்சல் உனக்கு உண்டு.

நானும் ஒரு காலத்தில் துவண்டவன்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. நட்டநடுவில் நாற்காலி. டபுள் பேஸ் கேட்கவே இல்லை. ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். மறுநாள் நண்பனின் காரில் போட்டால் கதவே அதிர்ந்தது. எனக்குக் காதே இல்லை என்று முடிவு கட்டி ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் திறக்காமல் கிடந்தேன். அந்த ஒரு மாதம் வீண். குறை என் காதில் இல்லை, சுவரில் இருந்தது!

கணக்கைப் பார். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அறை தானாகவே முழங்கும். டபுள் பேஸின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் சுவரோரம் வீங்கும், நடு அறையில் செத்துப்போகும். நான் உட்கார்ந்திருந்தது அதன் சுடுகாட்டில்! நீளவாக்கில் பன்னிரண்டு அடிக்கு இதே கதை 47 ஹெர்ட்ஸில். அறை சதுரமாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து கொல்லும். ஸ்பீக்கரைப் பத்தடி அகலச் சுவர்ப் பக்கம் வை. அந்தச் சுவரிலிருந்து நாலரை அடியில் உட்கார்ந்து தொடங்கு. பிறகு அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து பார். இரண்டு ஸ்பீக்கரும் உன் தலையும் சம முக்கோணம். ட்வீட்டர் காது உயரத்தில். இடது பக்கம் பீரோ, வலது பக்கம் திறந்த வாசல் என்று இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் வயலின் ஒரு பக்கமாகச் சாயும். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டால் மேல் சுரங்களின் கூச்சல் மட்டும் அடங்கும். தடித்த இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் சாய்த்து வை, நடு ஒலி தெளியும். அடி பேஸை மெத்தை அடக்காது. அதற்கு நாற்காலியை நகர்த்துவதுதான் வழி.

இப்போது வாங்கலாம். விளம்பர அட்டையின் பெரிய எழுத்தை நம்பாதே. யமஹா ஹெச்எஸ்5 என்ற ஐந்து இன்ச் ஸ்பீக்கருக்கு 54 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். அது ஒலி 10 டெசிபல் விழுந்துவிட்ட பிறகு எடுத்த அளவு. 3 டெசிபல் கணக்கில் பார்த்தால் 74 ஹெர்ட்ஸ்தான். செல்லோவின் கடைசித் தந்தி 65, டபுள் பேஸின் கடைசித் தந்தி 41. அப்படியானால் எட்டு இன்ச் வாங்கலாமா? உன் அறையில் அது சுவரை உலுக்கும், உண்மையைச் சொல்லாது. என் முடிவு இது: ஐந்து இன்ச் வாங்கு. அடி பேஸை நல்ல ஹெட்போனில் சரிபார். 41 ஹெர்ட்ஸ் சுரத்தின் தோழர்களான 82ம் 123ம் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலேயே கேட்கும். அவற்றின் வழியாக அடிச் சுரத்தை உணரக் காது பழகிவிடும். தோல் தரம் பிரிக்கிறவரின் விரல் பழகியதைப் போல.

இன்னொன்று. புல்லாங்குழலின் மூச்சு முதல் முழு பித்தளைப் படையின் வெடிப்பு வரை ஆர்க்கெஸ்ட்ராவில் உண்டு. சத்தம் குறைந்தால் பேஸை நம் காது முதலில் கைவிடுகிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஒரே அளவில் கேள். 75 டெசிபல் அளவு போதும், சாதாரணப் பேச்சுக்குரலைவிட உரக்க. குமிழில் ஒரு கோடு கிழி. மெல்லிய இடம் வந்ததும் அதைத் திருகுகிற கையை அடக்கு!

1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு இளையராஜா ஒரு சிம்பொனி செய்தார். அது வெளிவரவே இல்லை. பண்ணைப்புரத்துக்காரர் அதற்காகப் பேனாவைக் கீழே வைத்தாரா? 2025 மார்ச் 8, அதே லண்டன், அவருடைய சிம்பொனி 'வேலியண்ட்' அரங்கேறியது. அவருக்கு அப்போது 81 வயது. உனக்கு என்ன வயது, தம்பி?

இன்றைக்கு இராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு அடங்கும். ஃபேனை நிறுத்து. நன்றாகப் பதிவான ஒரு சிம்பொனியை உன் ஸ்பீக்கரில் போட்டு, டபுள் பேஸ் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேள். பிறகு உன்னுடையதைப் போடு. நாற்காலியை அரை அடி பின்னால் தள்ளு. மறுபடி போடு. காலையில் பஸ் ஏறுவதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டு, அந்த நாற்காலியில் உட்கார வை.